பொய்மீனுக்குச் செதில் வரைந்தவள்

பார்க்கப் போகிறவன் கவனிக்க மாட்டான் என்று தெரிந்த பிறகும் ஒரு வேலையைக் குறைவைக்காமல் செய்வதில் என்ன பொருள் இருக்கிறது? கிண்ணியா சஜீத்துக்கு இந்தக் கேள்வி எந்தப் பிரசங்கத்திலிருந்தும் வரவில்லை. அவனுடைய சொந்தக் குசினி மேசையிலிருந்து, கையடக்கமான ஒரு மரத்துண்டின் உருவில் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவனுடைய மனைவி ஷிஃபானா இருந்தாள்.

மரத்துண்டு என்பது ஒரு பொய்மீன். ஓடுகிற வள்ளத்தின் பின்னால் தங்கூசி என்ற நைலோன் நரம்பில் கட்டி அதை இழுப்பார்கள். சீலா, அறக்குளா போன்ற பெரிய மீன் ஏதாவது அதை உயிருள்ள மீன் என்று நம்பிக் கவ்வ வேண்டும். அதற்கு வேறு கடமை இல்லை. சஜீத் முள்முருக்கங் கட்டையைச் சீவி அதைச் செய்வான். மூக்கின் கீழே ஒரு தகர நாக்கைப் பொருத்துவான். வள்ளம் ஓடும்போது அந்த நாக்குத்தான் தண்ணீரைத் தள்ளி, மீனைத் தாழ இறக்கி, இடுப்பை நெளிய வைக்கும். பிறகு வயிற்றில் தூண்டில் முள். கடைசியாகத் தலைக்குச் சிவப்பு, உடம்புக்கு வெள்ளை. ஏன் அந்த இரண்டு நிறம் என்று அவனும் கேட்டதில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கலியாணம் முடித்த புதிதில் ஒரு நாள் ஷிஃபானா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது என்ன மீன்?"

"மீன் இல்ல புள்ள. பொய்மீன்."

"பொய்யெண்டாலும் ஏதோ ஒண்டைப் பாத்துத்தானே சொல்லோணும்?"

சஜீத் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கட்டையை அவன் சீவி முடித்ததும் அதற்கு வண்ணம் பூச விடாமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஷிஃபானா குறிஞ்சாக்கேணியில் பிறந்தவள். மணப்பெண்களின் கைகளில் மருதோண்டி போடுவது அவளுடைய தொழில். கிண்ணியாவில் அவளைவிட அழகாகப் போடுகிறவர்கள் இருந்தார்கள். அவளைவிட விரைவாகப் போடுகிறவர்கள் எல்லோருமே. அவளிடம் கையைக் கொடுத்த பெண்ணுக்குச் சோறு ஊட்ட ஓர் ஆள், முகத்தில் ஈ விரட்ட இன்னோர் ஆள் வேண்டும் என்று கலியாண வீடுகளில் பகிடி விடுவார்கள். ஆனால் அவள் வரைந்த இலையில் நரம்பு இருக்கும். அந்த நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் பொய் இருக்காது. அதற்கு மேல் அவளைப் புகழ்வது தேவையில்லை.

பொய்மீனுக்கு அவள் எடுத்த வண்ணம் நகப்பூச்சு. கட்டாரிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி பெட்டி நிறையக் கியூட்டெக்ஸ் போத்தல்கள் கொடுத்திருந்தாள். ஐந்து வேளையும் தொழுகிறவள் அதை நகத்தில் பூசினால், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூவுக்கு அழித்து அழித்தே களைத்துப்போவாள் என்பதால் அவை அலுமாரியில் அப்படியே கிடந்தன. இப்போது நீலமும் பச்சையும் வெள்ளியும் மேசைக்கு வந்தன. சந்தையிலிருந்து கறிக்கு வாங்கிவந்த கும்பளா மீன்களில் நல்லதாக ஒன்றைத் தெரிந்து தட்டில் கிடத்தி, பக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு, பல்லுக்குத்தும் குச்சியின் முனையால் செதில் வரையத் தொடங்கினாள். செதில் செதிலாக. ஒரு துணிவலையைக் கட்டையில் சுற்றி மேலே வண்ணத்தைத் தெளித்தால் எல்லாச் செதிலும் ஒரே தரத்தில் வந்துவிடும் என்று சஜீத் சொல்லிப் பார்த்தான்.

"எல்லாச் செதிலும் ஒரே அளவா இருக்கா?" என்று தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "கழுத்தடியில பாருங்க, வாலடியில பாருங்க."

சஜீத் பார்த்தான். ஒரே அளவாக இல்லை. அன்றைக்கு மத்தியானக் கறி பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்குத்தான் வெந்தது.

இப்படி அவள் செய்த மீன்கள் மேசையில் கிடந்தால் பூனை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகும். அதை ஷிஃபானா சான்றிதழாக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: மனிதர் மெச்சுவதல்ல, கடலில் ஒரு மீன் அதைப் பார்த்து 'இது மீன்' என்று நினைக்க வேண்டும். மணப்பெண்ணும் மாமியாரும் மெச்சுவதில் முகத்தாட்சணியம் கலந்திருக்கும். சீலாவுக்கு முகத்தாட்சணியம் கிடையாது.

இறங்குதுறையில் கதை வேறு மாதிரி இருந்தது. சஜீத்தின் வள்ளத்துக்கு அடுத்த வள்ளம் அபூதாஹிருடையது. துறையில் எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள். வயதில் மூத்தவர், வாய் அதைவிட மூத்தது. அவர் ஷிஃபானா வரைந்த கும்பளாவைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேய் சஜீத், புள்ளைக்கு நிக்காஹ் எப்ப? மாப்பிள்ளை அறக்குளாவா, சீலாவா?"

"மருதோண்டி காயட்டும் நானா, மறுகா சொல்றன்."

"காய்ஞ்சாப்போல? இவளைத் தண்ணியில இறக்க உனக்கு மனசு வருமா? முக்காடு போட்டு வீட்டில வை."

துறை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து சஜீத்தின் வள்ளத்துக்கு 'கலியாண வீடு' என்று பெயர். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வரும்போது முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கும். மீன் பட்ட நாளில் அந்தப் பெயர் உறைக்காது. படாத நாளில்தான், வெறும் கூடையோடு கரையேறுகிறவனிடம் "வலீமா விருந்துக்குச் சாப்பாடு இல்லையா?" என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

அபூதாஹிர் என்ன போட்டு இழுக்கிறார் என்பது ஷிஃபானாவுக்கு அவருடைய மனைவி பஸ்மியா வந்து சொல்லித்தான் தெரிந்தது. பஸ்மியா ஒரு பேணி சீனி இரவல் கேட்க வந்தவள், சீனியை மறந்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"கேட்டியாகா ஷிஃபானா? என்ட தேத்தண்ணிக் கரண்டி அறக்குளா புடிச்சிட்டாம்!"

"கரண்டியா?"

"ஓம்கா. காம்பை ஒடிச்சுப்போட்டு, ரெண்டு பக்கமும் துளை போட்டு, முள்ளைக் கொழுவி இழுத்தாராம். வீட்டில இப்ப இருக்கிறது ஒரு கரண்டி. வாற ஆக்கள் எல்லாம் வரிசையில நிண்டு சீனி கலக்குதுகள்."

பஸ்மியா போன பிறகு ஷிஃபானா மேசையில் காய்ந்துகொண்டிருந்த பொய்மீனை எடுத்துப் பார்த்தாள். கரண்டிக்குக் கண் இல்லை, செவுள் இல்லை, செதில் இல்லை. எந்த மீனைப் பார்த்தும் சொன்ன பொய்யல்ல அது.

பின்னேரம் சஜீத் வந்ததும் கேட்டாள்: "கரண்டியை நம்புற மீன் என்னத்தைத்தான் நம்பாது?"

சஜீத் முகம் கழுவிக்கொண்டே, பல நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னான். "ஷிஃபா, கோவிக்கக் கூடாது. மீன் ஓட்டத்தில வந்து கொத்துது. அதுக்கு நிண்டு பாக்க நேரமில்ல. மினுக்கமும் நெளிவும்தான் தெரியும். செதில் எண்ணிப் பாத்தா கவ்வப்போகுது? நீ தலைக்குச் சிவப்பு, உடம்புக்கு வெள்ளை பூசித் தா. எனக்கும் துறையில தலை நிமித்தலாம்."

"நீங்க பாத்தீங்களா, மீன் என்னத்தைப் பாக்குது எண்டு?"

"நான் மேல நிக்கிறவன் புள்ள. எனக்கென்ன தெரியும்."

"அப்ப உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்னைக் கூட்டிக்கொண்டு போங்க. தெளிஞ்ச தண்ணியில, என்ட கண்ணுக்கு முன்னால, என்ட மீனும் போகட்டும், நானாட கரண்டியும் போகட்டும். என்டதைக் கவ்வினா நான் வரைவன். கவ்வாட்டி, இனிச் சிவப்பும் வெள்ளையும்தான். மருதோண்டிக் குச்சியை மீன் பக்கம் கொண்டுபோகமாட்டன்."

அவள் வெறுமனே சொல்லக்கூடியவள் அல்ல என்று சஜீத்துக்குத் தெரியும். ஒருமுறை ஒரு மணப்பெண்ணின் தாய் 'கெதியா முடி' என்று சொன்னதற்காக, அந்தக் கையைக் குறைவில்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுப் படியில் அதன் பிறகு கால் வைக்காதவள். இந்தப் பேச்சில் தான் வென்றால் வீட்டில் ஏதோ ஒன்று தோற்கும் என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. ஆனாலும் அவன் ஒத்துக்கொண்டான். துறையில் தலை நிமிர்த்த யாருக்குத்தான் ஆசையில்லை?

அவளைக் கிண்ணியாவில் வள்ளம் ஏற்றினால் துறை முழுக்க வந்து வேடிக்கை பார்க்கும் என்று, சாம்பல்தீவு ஆனந்தராசாவிடம் சொன்னான். ஆனந்தராசா வெளிநாட்டுக்காரரை, கடலில் துள்ளும் ஓங்கில்களை, டொல்பின்களைக் காட்ட ஏற்றிக்கொண்டு போகிறவர். அவருடைய படகில் பெண்கள் ஏறுவது யாருக்கும் புதினமில்லை. சஜீத்தும் ஷிஃபானாவும் காலையில் பாலங்கள் தாண்டி, பட்டணம் தாண்டிச் சாம்பல்தீவுக் கரைக்குப் போனார்கள். அபூதாஹிர் கரண்டியைத் தானாகவே கொடுத்துவிட்டிருந்தார். 'தோத்தால் கழுவித் திருப்பித் தா, தேத்தண்ணிக்கு ஆகும்' என்பது அவர் சொல்லியனுப்பியது.

கடல் அன்று கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஷிஃபானாவுக்குத் தலைசுற்றும் என்று சஜீத் மோந்து பார்க்கத் தேசிக்காய் கொண்டுவந்திருந்தான். அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தங்கச்சி, நீங்கள் கீறின மீனைக் காட்டுங்கோ பாப்பம்," என்றார் ஆனந்தராசா. அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். சஜீத் அடுத்த பகிடிக்கு ஆயத்தமானான். ஆனந்தராசாவின் முகத்தில் பகிடி இல்லை.

"அச்சொட்டா இருக்குது. ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கக் கூடாது. இது எப்ப செத்தது?"

ஷிஃபானா நிமிர்ந்தாள். "என்ன அண்ணன்?"

"கண்ணைப் பாருங்கோ, ரத்தம் கட்டிக் கிடக்குது. வாய் கொஞ்சம் திறந்திருக்குது. விலாவில இந்தப் பள்ளம் ஐஸ் அமத்தின அடையாளமெல்லோ? அதையும் கீறியிருக்கிறியள். கோடு கறுப்பு. உயிரோட இருக்கிற கும்பளாவுக்குக் கோடு கறுப்பில்லை தங்கச்சி."

சஜீத்துக்கு அப்போதுதான் விளங்கியது. கடலை நம்பி வாழ்கிற ஊரில் பிறந்து, மீன்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, தினமும் மீன் கழுவியும் ஷிஃபானா ஒரு மீனைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் சந்தைப் பலகையில் கிடந்தது. அவளுடைய பொய்மீன் உண்மையாகத்தான் இருந்தது. பிணத்துக்கு உண்மையாக இருந்தது. மீன்காரனாகிய அவனும் அதை இத்தனை நாள் கையில் வைத்திருந்து கண்டுபிடிக்கவில்லை.

"மையித்தைத்தான் இவ்வளவு நாளா அலங்கரிச்சனா?" என்றாள் ஷிஃபானா. சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தாள். அவளுக்குப் பின்னால்தான் மற்ற இருவருக்கும் சிரிக்கத் துணிவு வந்தது.

ஆனந்தராசா இயந்திரத்தை நிறுத்தி, சின்ன முட்கள் கட்டிய கயிற்றை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கும்பளா துடித்துக்கொண்டு மேலே வந்தது. அதை அவர் அவளுடைய கையில் வைத்தார்.

அதன் முதுகு பச்சை என்று சொன்னால் போதாது. பச்சையில் ஒரு நீலம் ஓடி ஓடித் திரும்பியது. கோடுகள் பொன். வயிறு வெள்ளி என்பதைவிட வெளிச்சம். ஷிஃபானா அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். அவளுடைய உள்ளங்கையில் அது அடித்தது, பிறகு கொஞ்சம் அடித்தது. பொன் கோடுகள் வால்பக்கத்திலிருந்து மங்கிக்கொண்டு வந்தன.

"ஐயோ, போகுது," என்று கையை அப்படியே தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். மீன் ஒரு கணம் சாய்ந்து கிடந்தது. பிறகு இல்லை.

"இண்டைக்குக் கறிக்கு வந்ததை விட்டிட்டியள்," என்றார் ஆனந்தராசா.

"நிறத்தைப் பாத்திட்டன் அண்ணன். கறி பெரிசில்ல."

பிறகு இழுக்கத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் கரண்டி, மறுபக்கம் செத்த கும்பளா. படகு பாறைத்திடலின் ஓரமாக ஓடியது. ஷிஃபானா தன்னுடைய தங்கூசியைத் தானே பிடித்திருந்தாள். விட மறுத்தாள். கரண்டி வெயிலில் மினுங்கி மினுங்கி வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று அவள் "உம்மா!" என்று கத்தினாள். தங்கூசி கையை அறுத்துக்கொண்டு ஓடியது. சஜீத் பாய்ந்து பிடித்தான். இருவருமாக இழுத்தார்கள். படகுக்குள் விழுந்தது ஒரு சீலா, கைநீளம், வாய் நிறைய ஊசிப் பல்.

"கவ்வினது! என்டதைக் கவ்வினது!" ஷிஃபானா முக்காடு நழுவியது தெரியாமல் கையைத் தட்டினாள். சஜீத்தும் தட்டினான். துறையில் தலை நிமிர்த்துவது பற்றிய யோசனை அப்போது அவனுக்கு வரவேயில்லை. கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனந்தராசா படகைத் திருப்பக்கூடத் தொடங்கிவிட்டார்.

"நில்லுங்க அண்ணன்."

அவள் பொய்மீனைக் கையில் வைத்திருந்தாள். சீலாவின் பல் ஒரு பக்கத்துச் செதிலையெல்லாம் வழித்தெடுத்திருந்தது. மறுபக்கம் நன்றாக இருந்தது. "கத்தியைத் தாங்க," என்றாள்.

"ஏன்?"

"தாங்களேன்."

மிச்சமிருந்த பக்கத்தை அவளே சுரண்டினாள். கண், செவுள், ஐஸ் பட்ட பள்ளம், கறுத்த கோடு, வாரக்கணக்காகக் குச்சி முனையால் வைத்த செதில்கள், எல்லாம் தூளாகக் கடலில் விழுந்தன. கடைசியில் வெறும் கட்டையும் தகர நாக்கும் முள்ளும் மிஞ்சின.

"தங்கச்சிக்கு விசரோ?" என்று ஆனந்தராசா சஜீத்திடம் கேட்டார். "வெண்டாப் பிறகு ஆராவது இப்பிடிச் செய்வினமோ?"

"என்ன வெண்ட நாங்க?" என்றாள் ஷிஃபானா. "கவ்வினது வண்ணத்தையோ கட்டையையோ எண்டு எப்பிடித் தெரியும்? இதையும் ஒருக்காப் போடுங்க."

அதை நேர்மை என்று சொல்லலாம்; பிடிவாதம் என்றும் சொல்லலாம். அவளுக்குள் இரண்டும் ஒரே இடத்தில்தான் குடியிருந்தன. சஜீத் கட்டையைத் தண்ணீரில் விட்டான். மீன் எதுவும் வரக்கூடாது என்று தன் வாழ்நாளில் முதல்முறையாக மனதுக்குள் துஆக் கேட்டான்.

வந்தது. சீலாவைவிடப் பெரிய பாரை மீன். தங்கூசி படகின் விளிம்பில் கீச்சிட்டது. ஏற்றி முடித்தபோது மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. பாரையின் வாயில் வெறும் கட்டை நின்றது.

ஆனந்தராசா இயந்திரத்தின் மேல் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "சஜீத் தம்பி, கவ்வினது உன்ர தகரத்தையடா! நெளிவுக்குத்தான் இவ்வளவும்." சஜீத்துக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அதை அவன் உடனே மறைத்தான்.

"முதல் மீன் உன்ட வண்ணத்துக்குத்தான் வந்தது," என்றான் மனைவியிடம். "கரண்டிக்கு ஒண்டும் வரல்லையே."

"ரெண்டாவது?"

அவன் பாரையின் வாயிலிருந்து கட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

"கட்டைக்கே கவ்வுது," என்றாள் அவள். பாரையைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். அழுவாள் என்று பயந்திருந்த சஜீத்துக்கு அந்தச் சிரிப்பு நிம்மதியாக இருந்தது, முழு நிம்மதியாக இல்லை. "சரி. இனிச் சிவப்பும் வெள்ளையும்."

"நீதான் வெண்டாய் ஷிஃபா. அண்ணனும் பாத்தவர்."

"வெண்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சிவப்பும் வெள்ளையுமான முதல் பொய்மீன் துறைக்கு வந்த நாள், அபூதாஹிர் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா, கலியாண வீடு முடிஞ்சு பந்தலும் கழட்டியாச்சா?" என்றார். கேட்ட குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பகிடிக்கு ஆள் குறைந்துவிட்டது. சஜீத் தலை நிமிர்ந்து நின்றான். நினைத்த அளவு சுகம் அதில் இருக்கவில்லை.

வண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலை எங்கே முடிந்து உடம்பு எங்கே தொடங்குகிறது என்ற கோடு நூல் பிடித்தது போல் இருந்தது. ஆனால் முன்பு சஜீத் அரை மணி நேரத்தில் பூசி முடித்ததை அவள் நாட்கணக்கில் வைத்திருந்தாள். கேட்டால், காயவில்லை என்றாள். மருதோண்டி வேலை கூடியிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத ஒரு நாள், அவன் துறையிலிருந்து வழக்கத்துக்கு முன்னதாகவே திரும்பினான். குசினியில் ஷிஃபானா முதுகைக் காட்டி இருந்தாள். மேசையில் தட்டும் இல்லை, சந்தை மீனும் இல்லை. அவளுடைய கையில் ஒரு கும்பளா. முதுகில் பச்சைக்குள் நீலம் ஓடியது. பொன் கோடுகள். கழுத்தடியில் பெரிதாகவும் வாலடியில் சின்னதாகவும், ஒவ்வொரு செதிலும். கண் தெளிந்திருந்தது. அது அன்றைக்கு அவளுடைய உள்ளங்கையில் துடித்த மீனேதான். இவ்வளவு நாளில் அவள் செய்ததிலெல்லாம் இது திறமானது என்று சஜீத்துக்கே, எதையும் சட்டென்று மெச்சாத சஜீத்துக்கே, பட்டது. இதைத் துறையில் காட்டினால் அபூதாஹிரின் வாயும் அடைத்துப்போகும் என்று நினைத்தான்.

கூப்பிட வாய் எடுத்தான். அதற்குள் அவள் மீனின் வாலில் கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் இருந்த வெள்ளை வண்ணப் பேணிக்குள் மெதுவாக இறக்கினாள். வால்முனை வரைக்கும். கொஞ்சம் பொறுத்து வெளியே எடுத்தாள். சொட்டு வடியவிட்டு, யன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். அங்கே ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்த வெள்ளை மீன்களோடு அதுவும் ஒன்றாகக் காற்றில் ஆடியது. இனித் தலைக்குச் சிவப்பு மட்டும்தான் பாக்கி.

சஜீத் வாசலில் நின்றபடி, "ஷிஃபா, இது என்ன?" என்று கேட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "வாங்க, கை கழுவுங்க," என்றாள்.

பிறகும் ஒருமுறை கேட்டான். அப்போது அவள் அடுத்த கட்டையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறாள். முதலில் பச்சை, அதற்குள் நீலம், பிறகு பொன் கோடுகள், பிறகு செதில், ஒவ்வொன்றாக. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை.